அண்ணனின் இடது கால்

என் அண்ணன் எல்லாவற்றுக்கும் வலது கைக்காரர். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுவதும் சிலுவை அடையாளம் போடுவதும் வலது கையால்தான். பந்து மட்டும் அவருக்கு இடது காலில்தான் வரும். தோட்டத்து அணியில் இடது ஓரம் அவருடைய இடம். கோட்டை ஒட்டியே ஓடி, மூலையில் நின்று, தலையைத் தூக்கிப் பார்க்காமலே பந்தை நடுவில் போடுவார். அங்கே யாராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கை. பல தடவை யாரும் இருந்ததில்லை. அப்போது இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்குள் என்னவோ சொல்லுவார். அது செபம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவரைப் பற்றி எழுதச் சொல்லி அவருடைய மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு மூன்று வயது நிறையும் முன்பே அவர் போய்விட்டார். கோயிலில் யார் யாரோ சொன்னதையெல்லாம் சேர்த்து அவள் தன் அப்பாவை ஒரு புனிதராக ஆக்கி வைத்திருக்கிறாள். எனக்கு வயதாகிவிட்டது. விரல்கள் வலிக்கின்றன. புனிதர்களைப் பற்றி எழுதுவதற்குத் தெம்பு இல்லை. எனக்குத் தெரிந்த அண்ணனைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் கோலா குபு பாருவுக்குத் தெற்கே, மலைக்காட்டை ஒட்டி இருந்தது. இப்போது புக்கிட் பெருந்துங் என்று வீடுகளும் தொழிற்சாலைகளும் நிற்கிற பக்கம்தான். பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் எனக்கு எதுவுமே அடையாளம் தெரிவதில்லை. ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அப்பாவைக் கொண்டுபோனான். அவர் திரும்பவில்லை. அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. அப்பா விட்டுப்போன இரண்டு வேலைகளும் அண்ணன் தலையில் விழுந்தன. ஒன்று அம்மாவையும் என்னையும் பார்த்துக்கொள்வது. இன்னொன்று தோட்டத்துக் கோயில்.

கோயில் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, உள்ளே மாதா படம், ஆறு நீள பெஞ்சுகள். வெள்ளைக்காரச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் யாராவது ஒருவர் செபமாலை சொல்லி, வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசிக்க வேண்டும். அப்பா செய்துவந்ததை அண்ணன் தொடர்ந்தார். நல்லாவே வாசிப்பார். ஆனால் பிற்பகலில் ஆட்டம் இருக்கிற நாளில் வேகம் கூடிவிடும். அன்றைக்கு வசனங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். பின் பெஞ்சில் இருக்கிற கிழவர்கள் செருமுவார்கள்.

அணியின் கோல்கீப்பர் அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவர் வேதக்காரர் இல்லை, அவர்கள் வீட்டில் முனியாண்டியைக் கும்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் வாசலில் வந்து உட்கார்ந்து, காலுக்கடியில் பந்தை உருட்டிக்கொண்டே செபம் முடியக் காத்திருப்பார். நெட்டையான ஆள். பேசத் தெரிந்தவர். அதனால்தான் தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் வந்தபோது அவரையே செயலாளராகப் போட்டார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகிற ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளுக்கு அவர் கேட்டுத்தான் குடிக்கப் பால் கிடைத்தது.

பிறகு, காட்டிலிருந்து வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலச் சட்டம் வந்தது. சங்கத்தைத் தடை செய்தார்கள். பக்கத்துத் தோட்டங்களில் சங்கத்துக்காரர்களைப் பிடிக்கிறார்கள் என்று சேதி வந்த மறுநாள் காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு கோல்கீப்பர் வரவில்லை. காட்டுக்குள் போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள். போலீஸ் வந்து அவர் வீட்டைக் கிளறிவிட்டுப் போனது. அந்த வாரம் ஆட்டம் நடந்தது. கோலில் நின்ற புதுப் பையன் நாலு வாங்கினான். அண்ணன் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. எல்லாம் ஒரே நீளமான வேலைநாள் மாதிரி இருக்கிறது. சிதறிக் கிடந்த எங்கள் லயத்து வீடுகளைப் பிரித்து, ஒரே இடத்தில் நெருக்கமாகக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். கேட் காலை ஆறு மணிக்குத் திறக்கும், மாலை ஆறு மணிக்கு மூடும். முன்பெல்லாம் இருட்டோடு போய்ப் பால் மரம் வெட்டுவோம். இப்போது விடிந்த பிறகுதான் போக முடிந்தது. வெயில் ஏறினால் பால் இறங்காது. பால் குறைந்தால் எங்களை மேய்க்கிற மண்டோர் சத்தம் போடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவர் மேல் ஆபீஸ் கிராணி சத்தம் போடுவார்.

கேட்டில் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வெறும் தேத்தண்ணி மட்டும் ஒரு போத்தலில் எடுத்துப் போகலாம். பெண்களான எங்களைச் சோதிக்க ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தார். நல்லவர், தடவிப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். மத்தியானம் வரைக்கும் வெறும் வயிறு. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, அதை நிறுக்கிற ஸ்டோருக்கு நடக்கையில் கண் இருட்டிக்கொண்டு வரும். அம்மா ஒரு தடவை வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். பால் கொட்டிவிடக் கூடாது என்று வாளியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்குப் பந்து பைத்தியம். ஊரடங்குக்கு முன்னால் திரும்ப வேண்டும் என்பதற்காக இரண்டரை மணிக்கே ஆட்டம் தொடங்கும். அந்த வெயிலில் யார் ஓடுவார்கள் என்று அம்மா கேட்பார். அண்ணன் ஓடுவார். ஆறு நாளும் காட்டோரம் நடந்து களைத்த ஆள், ஏழாம் நாள் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் களைப்பே தெரியாத மாதிரி ஓடுவார். ஓடுவதற்கு முன்னால் தலைக்கு எண்ணெய் தடவி, கண்ணாடியில் பார்த்து வகிடு எடுக்காமல் கிளம்பமாட்டார். அதைச் சொல்லி நான் கேலி செய்தால் கோபித்துக்கொள்வார்.

அம்பாங் பெச்சாவில் ஒரு ஆட்டம். லோரியில் ஆட்டக்காரர்களுக்கும் துப்பாக்கி வைத்திருந்த இரண்டு காவலர்களுக்கும்தான் இடம் இருந்தது, அதனால் நான் போகவில்லை. எதிர் அணியில் ஒருவர் பூட்ஸ் காலால் அண்ணனின் இடது முழங்காலுக்குக் கீழே உதைத்துவிட்டார். எலும்பு தெரிகிற மாதிரி ஒரு வெட்டு. துணியைக் கட்டிக்கொண்டு கடைசிவரைக்கும் ஆடினார் என்று மற்றவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். அம்மாவுக்கு அது பெருமையாகப் படவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர், புண்ணைக் கழுவி, தினமும் ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள் கொடுத்தார். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை தூவிக் கட்ட வேண்டும். பத்து நாளில் ஆறிவிடும் என்றார்.

அந்தப் பத்து நாளுக்குள்தான் அது நடந்தது. எனக்கும் அண்ணனுக்கும் அடுத்தடுத்த மர நிரைகள். கடைசி மரங்களுக்கு அப்பால் ஒரு ஓடை, அதைத் தாண்டினால் காடு. நான் ஒரு மரத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றிருந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தார். உயரத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கோல்கீப்பர். வலது கணுக்காலுக்கு மேலே துணி சுற்றியிருந்தார். நாற்றம் என் வரைக்கும் வந்தது.

என்னைப் பார்த்து, "பயப்படாத தங்கச்சி," என்றார். பிறகு அண்ணனிடம் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். சோறு கேட்கவில்லை. காலுக்கு மருந்து கேட்டார். அண்ணன் தன் கால்சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். மத்தியானத்துக்கு வைத்திருந்த பாதித் தூள் அது. அவர் ஓடையைத் தாண்டிப் போய்விட்டார். எல்லாம் ஒரு மரம் வெட்டுகிற நேரம்கூட இருக்காது.

கத்தியைக் கீழே வைத்தேன். அண்ணனிடம் போனேன்.

"கேட்ல சொல்லிரு அண்ணே. நமக்கு எதுக்கு வம்பு?"

"சொன்னா சுட்டுருவாங்க."

"குடுத்தது தெரிஞ்சா ஒன்னயப் புடிச்சுருவாங்க."

அவர் மரத்தை வெட்டி முடித்து, பால் வடிகிற மங்கைத் துடைத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார். "தெரியும். ரெண்டுல எது தேவலாம்னுதான் பாக்குறேன். நீ ஒன் நெரைக்குப் போ," என்றார்.

அடுத்த நாளிலிருந்து அவர் பொட்டலம் முழுவதையும் கொடுக்கத் தொடங்கினார். ஓடைப் பக்கத்தில் ஒரு பட்ட மரம் இருந்தது. அதன் வேர் இடுக்கில் வைத்துவிட்டு வருவார். கேட்டில் சோதிப்பவர்கள் பொட்டலத்தைப் பார்த்தால், கட்டை அவிழ்த்துப் புண்ணைக் காட்டுவார். அவர்கள் முகம் சுளித்து விட்டுவிடுவார்கள். புண் ஆறினால் தூள் கிடைக்காது. ஆகவே புண் ஆறவில்லை. ஆறாமல் இருப்பதற்கு அவர் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, மருந்து போடாமல் இருந்தாலே போதுமாக இருந்தது. பால் மரக்காட்டு ஈரமும் சேறும் மற்றதைப் பார்த்துக்கொண்டன.

பத்து நாள் ஐந்து வாரமானது. டிரசர் குழம்பிப்போய், சர்க்கரை வியாதியோ என்று மூத்திரம் சோதித்தார். அம்மா மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். அண்ணன் அணியில் உட்கார்ந்து பார்க்கிற ஆளானார். துரைகூட ஒரு தடவை லயத்துக்கு வந்து காலைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கட்டுத் துணிகளைத் துவைத்தது நான். தினமும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, குச்சியால் கிளறி, கம்பியில் காயப் போடுவேன். சீழும் ரத்தமுமாகத் துணியைப் பிழியும்போது எனக்கு அந்த நெட்டை மனிதர் மேல் வந்த வெறுப்பை இன்னும் சொல்லி முடியாது. அண்ணன் மேலும் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என்னையும் இதில் சேர்த்துவிட்டாரே என்று.

அந்த மாதப் பூசைக்குச் சாமியார் வந்தபோது, அண்ணன் அவரிடம் பாவங்களைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டார். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர், அன்றைக்கு வெகுநேரம் எழவில்லை. வெளியில் வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன சொன்னார், சாமியார் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. மறுநாளும் பொட்டலம் பட்ட மரத்துக்குப் போனது.

ஆறாவது வாரம் பொட்டலத்தை யாரும் எடுக்கவில்லை. இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் அண்ணன் அதை எடுத்துத் தன் காலில் போட்டுக்கொண்டார். செத்திருப்பார் என்று நினைத்தோம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் சாகவில்லை. சரணடைந்துவிட்டார். அப்போது ஆகாய விமானத்திலிருந்து துண்டுக் காகிதங்கள் போடுவார்கள், சரணடைந்தால் உயிருக்கு ஆபத்தில்லை என்று. அப்படி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய ரோட்டுக்கு வந்து நின்றிருக்கிறார். அவர்கள் அவர் காலுக்கு வைத்தியம் பார்த்தார்கள், சோறு போட்டார்கள். உதவி செய்தவர்கள் யார் யார் என்று கேட்டார்கள்.

போலீஸ் ஸ்டோருக்கே வந்தது. பதினோரு மணி இருக்கும், பால் நிறுத்துக்கொண்டிருந்தோம். கிராணி அண்ணனின் பெயரைக் கூப்பிட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாளியை இறக்கி வைத்தார். குழாயில் கையைக் கழுவினார். வெட்டுக் கத்தியை என்னிடம் கொடுத்தார்.

"அம்மாகிட்ட நீயே சொல்லு. வேற யாரும் சொல்ல வேணாம்," என்றார்.

என்னையும் விசாரித்தார்கள், ஆபீசில் உட்கார வைத்து. அடுத்த நிரையில் வேலை செய்கிறவள், தெரியாமல் இருக்குமா என்று கேட்டார்கள். எனக்கு எதுவும் தெரியாது என்றேன். மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் அதையே சொன்னேன். எனக்கும் இது தெரியும் என்று அந்தக் கோல்கீப்பர் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் என்னை மட்டும் விட்டுவிட்டிருந்தார். அதற்காகவும் எனக்கு அவர் மேல் நன்றி வரவில்லை. அடுத்த பெரிய வெள்ளிக்கிழமை, ஆண்டவரை எனக்குத் தெரியாது என்று சீடர் மூன்று தடவை மறுக்கிற பகுதி வாசிக்கப்பட்டபோது நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

அண்ணனை வழக்கு இல்லாமல் உள்ளே வைத்தார்கள். முதலில் பல மாதம் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. பிறகு வடக்கே தூரத்தில் ஒரு தடுப்பு முகாம் என்று கடிதம் வந்தது. எனக்கு அப்போது கோலா குபு பாருவில் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ரோடு போடுகிற இலாகாவில் வேலை, நல்ல குடும்பம். அவர்கள் ஆள் அனுப்பி, இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். இப்போதைக்கு என்று சொன்னது மரியாதைக்காக. அடுத்த தை மாதமே அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

அண்ணனைப் பார்க்க மூன்று தடவைதான் போக முடிந்தது. அனுமதிக் கடிதம் வாங்கி, ரயிலில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து போக வேண்டும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள், இருபது நிமிடம். முதல் தடவை அம்மா அழுததிலேயே நேரம் போய்விட்டது. இரண்டாம் தடவை, கால் ஆறிவிட்டது என்று கால்சட்டையைத் தூக்கிக் காட்டினார். அங்கே ஒரு டாக்டர் இருந்தாராம், ஒழுங்காக மருந்து போட்டார்களாம். ஆனால் உள்ளே நரம்பு இழுத்துக்கொண்டு, கால் சரியாக மடங்கவில்லை. எங்கள் அணியில் இப்போது இடது ஓரம் யார் என்று கேட்டார். சொன்னேன். "அவனா," என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அங்கே வேதக்காரத் தமிழர்கள் நாலு பேர் இருந்தார்களாம். சாயங்காலத்தில் ஐந்து பேருமாகச் செபமாலை சொல்கிறார்கள் என்றார். மணிகள் இல்லாததால் விரலை எண்ணித்தான்.

அவர் உள்ளே இருந்தபோது ஒரு நாள் பிற்பகலில், எங்கள் திடலுக்கு ஒலிபெருக்கி கட்டிய வேன் வந்தது. எல்லோரையும் வரச் சொன்னார்கள். வேன் பக்கத்தில் போட்ட மேசை மேல் கோல்கீப்பர் ஏறி நின்றார். வெள்ளைச் சட்டை, காலில் சப்பாத்து, முகத்தில் சதை பிடித்திருந்தது. காட்டு வாழ்க்கை எப்படிப்பட்டது, சரணடைந்தவர்களை எப்படி நன்றாக நடத்துகிறார்கள் என்று பேசினார். முன்பு சங்கத்துக்குப் பேசிய அதே குரல், ஆனால் மனப்பாடம் செய்தது போல இருந்தது. யாரையும் பார்க்கவில்லை. கோல் கம்பத்தைப் பார்த்தே பேசினார்.

பேசி முடித்து இறங்கியபோது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். காவலர் தடுக்கப் பார்த்தார். அம்மா நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"ஒன் காலு ஆறிடுச்சாப்பா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆறிடுச்சும்மா," என்றார்.

"சரி," என்றார் அம்மா. திரும்பி நடந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, அடுப்பில் விறகைத் தள்ளி, அன்றைக்கு மீதி வேலை எல்லாம் செய்தார்.

அண்ணனை இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். பழைய மாவட்டத்தில் காலை வைக்கக் கூடாது என்று நிபந்தனை. துரையும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். சாமியார் எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தை வைத்து, கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் வேலை கிடைத்தது. நானும் அம்மாவும் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு அங்கே போனோம். மலைக்காட்டைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, அந்தத் தட்டையான நிலமும் உப்புக் காற்றும் பழக வெகுநாளானது. வாய்க்காலில் முதலை கிடக்கும் என்று அம்மா குளிக்கப் போகவே பயந்தார்.

அண்ணன் தேங்காய் உரிக்கிற வேலைக்குப் போனார். நிலத்தில் நட்ட இரும்பு முனையில் தேங்காயைக் குத்தித் திருப்ப வேண்டும், நாளெல்லாம். நின்றபடியே செய்கிற வேலை. இடது காலைச் சாய்த்து வைத்து வலது காலில் நிற்பார். வீட்டுக்கு வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைச் செபம் அவரிடம் வந்து சேர்ந்தது. இப்போது வாசிப்பில் அந்த அவசரம் இல்லை. பிற்பகலில் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லையே.

அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அண்ணி கொஞ்சமாகப் பேசுகிறவர், நிறையச் சிரிக்கிறவர். அண்ணனின் முன்கதை தெரிந்தும் அவர்கள் வீட்டில் பெண் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஈஸ்டர் திங்கட்கிழமை, மணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஒரு விளையாட்டு ஆட்டம் வைத்தார்கள். ஓட முடியாததால் அண்ணனைக் கோலில் நிறுத்தினார்கள். அஞ்சு கோல் விட்டார். ஒவ்வொன்றுக்கும் மற்றவர்களைவிட அவர்தான் அதிகமாகச் சிரித்தார். அண்ணி வயிற்றில் பிள்ளையோடு மர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

பிள்ளை பிறந்த சில மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்து வரும்போது எங்கள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. கோல்கீப்பர். எங்கோ ஒரு மரக்கடையில் கணக்குப் பார்க்கிறாராம். இடத்தை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் கையிலிருந்த வேதாகமத்தை அண்ணியிடம் கொடுத்தார். பிறகு, "உள்ள வா, சாப்புட்டுப் போவலாம்," என்றார். நான் பின்பக்கம் போய், துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். அண்ணிதான் பரிமாறினார். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. பழைய ஆட்டக்காரர்களில் யார் எங்கே என்று கொஞ்சம் பேசியது காதில் விழுந்தது. கை கழுவிவிட்டு அவர் போனார்.

அன்றைக்கு அண்ணனோடு சண்டை போட்டேன். என் வாழ்நாளில் அவரை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"ஒனக்கு மன்னிக்கிறது சுலபம். நீ பாட்டுக்கு மன்னிச்சுட்டுப் போயிருவ. என் கல்யாணம் நின்னது, அம்மா கம்பி வலையப் புடிச்சுக்கிட்டு அழுதது, அதுக்கெல்லாம் நீ எப்படி மன்னிப்பு குடுக்கலாம்? அது ஒன்னுதா?"

அவர் பாயில் உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலை உருவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அவன் மேல கோவம் இல்லைன்னு யாரு சொன்னா?" என்றார். "இருக்கு. கோவத்தோடதான் சோறு போட்டேன்." காலிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஒன் கிட்ட நான் அன்னிக்கே கேட்டிருக்கணும். கேக்காம விட்டது தப்புதான்," என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கிடைத்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அவர் இறந்ததற்கும் இவை எல்லாவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைக் கோயிலில் பேசுகிறவர்கள் ஒத்துக்கொள்வதில்லை, காலில் வந்த நோய்தான் கொண்டுபோனது என்று கதை கட்டுகிறார்கள். மழைக்காலம். தேங்காய் ஏற்றிய லோரி வாய்க்கால் கரை மேல் போனது. கரை நனைந்து இளகிப்போயிருந்தது, லோரி வாய்க்காலுக்குள் சரிந்தது. சுமைக்கு மேல் உட்கார்ந்து போனவர்களில் இரண்டு பேர் குதித்துவிட்டார்கள். அண்ணன் குதிக்கவில்லை, அல்லது அந்தக் காலால் குதிக்க முடியவில்லை. காலை பத்து மணி. அவருக்கு வயது முப்பத்தொன்று.

பழைய தோட்டத்திலிருந்து அணிக்காரர்கள் ஏழு பேர் பஸ் மாறி மாறி வந்தார்கள். பெட்டியை அவர்கள்தான் தூக்கினார்கள். வயிறு போட்டிருந்தார்கள், வழுக்கை விழுந்திருந்தது, ஒருவருக்கு மூச்சு வாங்கியது. அம்மா கல்லறைவரைக்கும் நடந்தார். மண் போட்ட பிறகு, உட்கார இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தார். ஒன்றும் இல்லாததால் நின்றுகொண்டே இருந்தார். கோல்கீப்பருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. எனக்கு விலாசம் தெரிந்திருந்தது. நான் அனுப்பவில்லை.

அண்ணி இரண்டாவது வாரமே வேலைக்குப் பெயர் கொடுத்தார். அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். நான் கொப்பரை காயவைக்கிற கொட்டகைக்குப் போனேன். புகை கண்ணைக் கரிக்கும், அழுகிறேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி. என் முப்பத்து மூன்றாம் வயதில், மனைவியை இழந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டேன். அவர் நல்லவர். அது வேறு கதை.

அதற்கு முன்னால், அண்ணன் போன சில மாதத்தில், அவசரகாலம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். தோட்டத்துக்கு லீவு விட்டார்கள். கோலா சிலாங்கூர் டவுனில் ஊர்வலம் இருக்கிறதென்று ஆட்கள் லோரியில் ஏறிப் போனார்கள். அண்ணி பிள்ளைக்கு நல்ல சட்டை போட்டு, வேடிக்கை காட்டக் கூட்டிப்போனார். என்னையும் வரச் சொன்னார். நான் வரவில்லை என்றேன். ஜன்னலைச் சாத்தி, பாயை விரித்துப் படுத்தேன். பக்கத்தில் அம்மாவும் வந்து படுத்தார். காலையில் எழ வேண்டும், கேட்டில் நிற்க வேண்டும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு எதுவும் இல்லாமல், சாயங்காலம் லோரி திரும்பி வருகிற சத்தம் கேட்கிற வரைக்கும் இரண்டு பேரும் தூங்கினோம்.